கடல் தாண்டும் கணக்கு

புத்தளக் கரைக்கு ஆசிரியர்கள் பெரும்பாலும் கடல் வழியாகவே வந்திருக்கிறார்கள். 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதாவின் கப்பல் காற்றில் திசைமாறி இலங்கைக் கரையை அடைந்தது. அவர் 'பத்தாலா' என்று எழுதிவைத்த அந்தத் துறை நமது புத்தளம்தான் என்று பலரும் கொள்கிறார்கள். கரையெங்கும் கறுவா மரத்துண்டுகள் ஒதுங்கிக் கிடந்ததையும், தன்னை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியதையும் அவர் குறித்திருக்கிறார். முத்துக் குளிக்கும் கரையொன்றின் மன்னனுக்குப் பாரசீகம் எப்படித் தெரிந்தது? யாரோ ஒருவர் கடல் கடந்து வந்து, அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அக்காலத்தில் மொழியும் கல்வியும் தனியே பயணம் செய்யவில்லை. ஓர் ஆளோடுதான் வந்து இறங்கின.

பிறகும் அப்படித்தான். காயல்பட்டினத்தில் 1816இல் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக் கரையோர ஊர்களுக்கு வந்தார்கள், ஓதிக்கொடுத்தார்கள், பள்ளிவாசல்கள் எழக் காரணமானார்கள். அறபுத் தமிழ்க் கிதாபுகள் தோணிகளில் வந்து இறங்கின. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காசிமிய்யா போன்ற அறபுக் கல்லூரி புத்தளத்தில் தோன்ற முடிந்தது என்றால், அதற்குப் பின்னால் இந்தப் போக்குவரத்து இருந்தது.

என் வாழ்நாளிலும் ஒரு தடவை ஆசிரியர்கள் கடல் வழியாக வந்ததைக் கண்டிருக்கிறேன். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவிலிருந்து பெருந்தொகையானோர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். நான் அப்போது குடாநாட்டுப் பாடசாலையொன்றில் கணித ஆசிரியன். உடுத்த உடுப்போடு வந்தவர்களுள் ஆசிரியர்களும் இருந்தார்கள். கிடுகுக் கொட்டில்களிலும் மரநிழலிலும் மாலை நேரத்தில் வகுப்புகள் தொடங்கின. கரும்பலகை இல்லாத இடத்தில் மணலைத் தட்டி மட்டமாக்கி, அதில் முக்கோணம் கீறிக் கேத்திரகணிதம் படிப்பித்த ஒருவரை நான் பார்த்தேன். எல்லாவற்றையும் இழந்து வந்த மனிதரிடமிருந்து பைதகரஸ் தேற்றத்தை மட்டும் யாராலும் பறிக்க முடியவில்லை.

இப்போது போக்குவரத்துத் திசை மாறியிருக்கிறது. எங்கள் கரையிலிருந்து ஆசிரியர்கள் கடல் கடந்து போகிறார்கள். ஆனால் ஆள் போவதில்லை. குரல் மட்டும் போகிறது.

என் தங்கையின் மகள் அப்படிப் போய்வந்தவள். 2019இன் இறுதியில், உயர்தரத்தில் கணிதப் பிரிவில் மூன்று பாடங்கள் சித்தியடைந்தும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குச் சற்றே கீழே நின்றவளுக்கு, இணையவழியாக இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் ஒரு வேலை கிடைத்தது. அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டியதில்லை. ஓர் ஆங்கிலப் பரீட்சை, ஒரு கணிதப் பரீட்சை, பிறகு சில வாரப் பயிற்சி. ஆறு வருடத்துக்குக் கிட்ட அந்த வேலையில் இருந்தாள்.

இந்த வியாபாரம் புதிதல்ல. 2000களின் நடுப்பகுதியிலேயே கேரளத்துக் கொச்சியிலிருந்து 'குரோயிங் ஸ்டார்ஸ்' என்ற நிறுவனம் அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. 2005இல் பெங்களூரில் கே. கணேஷ் தொடங்கிய 'டியூட்டர்விஸ்டா', மாதம் 100 டொலருக்கு வேண்டிய அளவு பாடம் என்று விளம்பரம் செய்து பெயர் பெற்றது. 2011இல் பியர்சன் நிறுவனம் அதன் பெரும்பங்கை வாங்கியது. 2007இல் தொடங்கிய 'ரெயார்ஜொப்' வழியாகப் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஜப்பானியருக்கு ஆங்கிலம் படிப்பித்தார்கள். நமது நாட்டைப் பொறுத்தவரை, 'தேர்ட் ஸ்பேஸ் லேர்னிங்' என்ற பிரித்தானிய நிறுவனம்தான் அதிகம் பேசப்பட்டது. இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளுக்கு, இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள ஆசிரியர்களைக் கொண்டு, ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற முறையில் அது கணிதப் பாடங்களை நடத்தியது.

என் மருமகளின் வேலையும் அதே அமைப்பிலானதுதான். ஆசிரியையும் பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. இருவர் முன்னாலும் ஒரே வெண்பலகை கணனித் திரையில் இருக்கும். இவள் எழுதுவது அங்கே தெரியும். பிள்ளை கிறுக்குவது இங்கே தெரியும். காதிலே ஹெட்செட். பிள்ளையின் முதற்பெயர் மட்டும் தெரியும். ஊர், வீடு, உம்மா வாப்பா எதுவும் கேட்கக் கூடாது. தன்னைப் பற்றியும் சொல்லக் கூடாது.

"மாமா, முகம் தெரியாட்டி எப்படிப் படிப்பிக்கிற என்டு முதல்ல பயந்தேன். பொறகு பழகிட்டுது. பேசாம இருக்கிற பிள்ளை யோசிக்குதா, விளங்காம முழிக்குதா என்டு மூச்சுச் சத்தத்திலயே தெரிஞ்சிடும்" என்று ஒருநாள் சொன்னாள். முப்பத்திரண்டு வருடம் நாற்பது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் படிப்பித்த எனக்கு அது புதுச் செய்தி.

நேரக்கணக்கும் ஒரு தனிப் பாடம். குளிர்காலத்தில் இங்கிலாந்து நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நான்கரை. அங்கே காலை ஒன்பது மணிக்குத் தொடங்கும் பாடசாலை நாள் இங்கே பிற்பகலில் தொடங்கி இரவு வரை போகும். குளிர்காலத்தில் பிரச்சினை இல்லை; நமது மஃரிப் நேரம் அவர்களின் பகலுணவு வேளையில் விழும். கோடையில் அப்படியல்ல. அங்கே பிற்பகல் இரண்டு மணிப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போது இங்கே பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும். ஒருநாள் ஹெட்செட்டை ஊமையாக்கப் பிந்திவிட்டாள். மறுமுனையில் இருந்த பையன் யார் பாடுகிறார்கள் என்று கேட்டான். தொழுகைக்கு அழைக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பன்னிரண்டில் முக்கால் எவ்வளவு என்று கணக்குக்குத் திரும்பினாள். அவன் உடனே விடவில்லை. "எங்கள் தெருவிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் சத்தம் வெளியே வராது" என்றானாம். பிறகுதான் ஒன்பது என்று சொன்னான்.

படிப்பிக்கும் முறையும் வேறு. அவர்கள் நீள்வகுத்தலுக்கு வகுக்கும் குறியைப் பஸ் தரிப்பிடம் போலக் கீறி, அதையே 'பஸ் ஸ்டொப்' முறை என்கிறார்கள். பின்னம் என்றால் பீட்சா. வட்டமாக ஒன்றைக் கீறி எட்டாக வெட்டாமல் அங்கே கால்வாசியும் அரைக்கால்வாசியும் இல்லை. இவள் பீட்சா சாப்பிட்டதே இரண்டு தடவைதான். வட்டிலப்பத்தைத்தான் மனதில் வைத்து வெட்டினேன் என்று சிரிப்பாள். ஆனால் ஒரு விடயத்தில் அந்த முறை அவளை மாற்றியது. பிள்ளை விடையைச் சரியாகச் சொன்னாலும், பிழையாகச் சொன்னாலும், "எப்படி அந்த விடைக்கு வந்தாய்?" என்று கேட்க வேண்டும் என்பது விதி. நமது வகுப்பறைகளில் அந்தக் கேள்வி அபூர்வம். சரி என்றால் அடுத்த கணக்கு, பிழை என்றால் பிரம்பு.

ஊர் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. கல்யாண வயதில் உள்ள பிள்ளை அறையைச் சாத்திக்கொண்டு இரவு ஒன்பது மணி வரை இங்கிலீஸில் யாருடன் கதைக்கிறாள் என்ற கேள்வி முதலில் வேலிக்கு மேலால் வந்தது. பிறகு பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரின் வாயாக என்னிடம் வந்தது. பெண்ணின் குரல் அந்நியருக்குக் கேட்கலாமா என்றும் அவர் கேட்டார். மறுமுனையில் இருப்பது ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை என்று நான் சொன்னேன். பக்கத்தில் இருந்த வயதான ஹஸரத் அதிகம் பேசுபவர் அல்ல. "அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் திரைக்குப் பின்னாலிருந்து ஸஹாபாக்களுக்கே ஹதீஸ் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இந்தப் புள்ளைட திரை கணனி. அவ்வளவுதான்" என்றார். நிர்வாகி மேலே பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து, தன் பேரனுக்குக் கொஞ்சம் இங்கிலீஸ் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டு அனுப்பினார்.

அந்த வீட்டுக்கு இந்த வேலை என்னவாக இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள அவளுடைய உம்மாவின் கதையையும் சொல்ல வேண்டும். என் தங்கை நான்கு வருடம் குவைத்தில் வீட்டுவேலை செய்தவள். மகளை இரண்டு வயதில் எங்கள் உம்மாவிடம் விட்டுவிட்டுப் போனாள். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இது ஒரு வீட்டுக் கதை அல்ல. தெருவுக்குத் தெரு இருக்கிறது. தன் குரலை ஒலிநாடாவில் பதிந்து யாராவது வரும்போது கொடுத்து அனுப்புவாள். மகள் அந்த நாடாவைக் கேட்டுத்தான் உம்மாவின் குரலை அறிந்தாள். அந்தக் குவைத் பணத்தில்தான் பிள்ளை புத்தளம் நகரத்துக்குப் போய் ஆங்கிலம் படித்தாள். உம்மா உடம்பைக் கடல் கடத்திக் குரலை வீட்டுக்கு அனுப்பினாள். மகள் வீட்டில் இருந்துகொண்டே குரலைக் கடல் கடத்தினாள். ஒரு தலைமுறைக்குள் இது நடந்தது. இணையவழி வேலைகளைச் சுரண்டல் என்ற ஒரே சொல்லில் எழுதித் தள்ளுகிறவர்கள் இந்த வீட்டு விறாந்தையில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டு எழுதினால் நல்லது.

என்றாலும் சுரண்டல் என்ற சொல் சும்மா வரவில்லை. கொவிட் காலத்தில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக இங்கிலாந்து அரசாங்கம் தேசியப் பிரத்தியேக வகுப்புத் திட்டம் ஒன்றை 2020 நவம்பரில் தொடங்கியது. அதற்கென ஒதுக்குவதாக அறிவித்த தொகை 350 மில்லியன் பவுண். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுள் தேர்ட் ஸ்பேஸ் லேர்னிங்கும் ஒன்று. 2021 மார்ச்சில் 'கார்டியன்' பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது: அந்தத் திட்டத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் இலங்கையர்களுள் 17 வயதினரும் இருக்கிறார்கள்; மணித்தியாலத்துக்கு 1.57 பவுண் வரை குறைந்த கூலி கொடுக்கப்படுகிறது. அங்கே வீட்டுக்கு வந்து படிப்பிக்கும் ஓர் ஆசிரியர் மணித்தியாலத்துக்கு 25, 30 பவுண் கேட்பது சாதாரணம். செய்தி அந்நாட்டில் பெரும் சலசலப்பை உண்டாக்கியது.

அந்தச் செய்தியை நான் அச்சிட்டு எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனேன். மருமகள் வேறு நிறுவனத்தில் இருந்தாலும், அவள் சம்பளம் அதைவிடப் பெரிய தூரத்தில் இல்லை. வாசித்துவிட்டு, பேனையை எடுத்துக் கணக்குப் பார்த்தாள். அன்றைய நாணய மாற்றில் 1.57 பவுண் ஏறத்தாழ 430 ரூபா. 2016ஆம் ஆண்டின் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டம் ஒரு நாள் முழுவதற்கும் விதித்திருந்த அடிப்படைக் கூலி 400 ரூபா.

"லண்டன்ல இது வெக்கக்கேடு மாமா. இங்க ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு நாள் கூலி. எந்தக் கணக்கச் சரி என்டு போடுற?" என்று கேட்டாள்.

இரண்டும் சரி. அதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். ஒரே மணித்தியாலத்துக்கு இரண்டு கரைகளில் இரண்டு விலை. இடையில் இருப்பவர் அந்த வித்தியாசத்தில் வாழ்கிறார். தோணிக்காரன் காலத்திலிருந்து வரும் வணிகம் இது. நமது மூதாதையர் செய்ததும் இதுவே. ஆனால் கறுவாவுக்கும் முத்துக்கும் தன் விலை தெரியாது. பிள்ளைக்குப் பாடம் சொல்கிறவளுக்குத் தெரியும்.

2022இல் அந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் டொலருக்கு 200 ரூபாவாக இருந்தது மே மாதமளவில் 360ஐத் தொட்டது. பவுணும் அதற்கேற்ப ஏறியது. அவளுடைய ஒப்பந்தமோ ரூபாவில். நிறுவனத்துக்கு அவள் பாதி விலைக்குக் கிட்ட மலிந்துவிட்டாள். கடையில் அரிசியும் மாவும் இரண்டு மடங்காகின. மார்ச் கடைசியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. எங்கள் குடாநாட்டில்தான் நுரைச்சோலை அனல்மின் நிலையம் இருக்கிறது. 2011இல் முதல் இயந்திரம் இயங்கத் தொடங்கி, இன்று 900 மெகாவாட் கொள்ளளவு கொண்டது. அதன் புகைபோக்கியை வாசலில் நின்று பார்க்கலாம். கரித்தூசு எங்கள் காய்கறித் தோட்டத்துக்கு வந்தது, மின்சாரம் வரவில்லை என்று கடற்கரையில் பேசிக்கொண்டார்கள். மருமகள் மோட்டார் சைக்கிள் பற்றரியிலிருந்து கம்பி இழுத்து, கைத்தொலைபேசி இணையத்தில் பாடம் நடத்தினாள். பாடம் நடுவில் அறுந்தால் அதற்குக் கூலி இல்லை. மறுமுனையில் இருந்த பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. தெரியக் கூடாது என்பதும் விதி.

இத்தனைக்கும் நடுவே ஒரு விடயம் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அதை அவளே ஒருநாள் சொன்னாள். எங்கள் ஊர்ப் பாடசாலையொன்றில் ஒன்றரை வருடமாகக் கணித ஆசிரியர் இல்லை. விஞ்ஞான ஆசிரியர் வந்து கணித நேரத்தில் பிள்ளைகளை மேய்த்துவிட்டுப் போவார். புத்தளம் மாவட்டத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இல்லை என்பது நான் பணியில் சேர்ந்த காலத்திலும் இருந்த முறைப்பாடு, ஓய்வுபெற்றபோதும் இருந்தது. பணக்காரப் பிள்ளைகள் டியூஷனுக்குப் போவார்கள். மீதிப் பிள்ளைகள் சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறி, பையன் என்றால் வாடிக்கும் உப்பளத்துக்கும், பெண் என்றால் பாஸ்போட் எடுக்கவும் போவார்கள்.

"லண்டன் பிள்ளை ஒன்டுக்கு நான் ஒரு ஆள் இருக்கேன். இங்க நாற்பத்தஞ்சு பிள்ளைக்கு ஒரு ஆளும் இல்ல" என்றாள் அவள்.

சனிக்கிழமைகளில் வகுப்பு வைப்பதென்று முடிவானது. வீட்டு விறாந்தையில் ஒரு பாய், ஒரு வெண்பலகை. தரம் 8, 9 பிள்ளைகள் ஏழு பேர் முதலில் வந்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிள்ளைக்கு 200 ரூபா என்று சொன்னாள். அங்கேதான் பிரச்சினை தொடங்கியது.

"நம்மட சொந்தப் புள்ளைகளுக்குமா காசு?" என்று கேட்டார்கள். வீட்டில்தானே இருக்கிறாள், லண்டன் காசு வருகிறதுதானே, சதக்காவாகச் செய்தால் என்ன, நன்மை கிடைக்குமே என்றார்கள். கேட்டவர்களுள் புத்தளத்துக்குப் பஸ்ஸில் பிள்ளையை அனுப்பி, மண்டபம் நிறைந்த டியூஷன் வகுப்புக்கு மாதாமாதம் தவறாமல் பணம் கட்டுகிறவர்களும் இருந்தார்கள். அந்த மாஸ்டரிடம் யாரும் சதக்கா கேட்டதில்லை. இரண்டாம் மாதம் ஏழு பிள்ளைகள் மூன்றானார்கள். அந்த மூன்று பேரும் ஊரிலேயே ஏழைகள். ஒருத்தியின் உம்மா பணத்துக்குப் பதிலாக ஒரு கிழமை கீரை, ஒரு கிழமை காய்ந்த கூனி என்று கொண்டுவந்து வைத்தாள். அது கூலி. அதைக் கூலி என்று அறிந்தே அந்தப் பெண்மணி கொடுத்தாள். மருமகளும் கூலி என்றே வாங்கினாள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1.57 பவுண் என்ற செய்தி வந்த நாட்களில் நமது நண்பர்கள் பலர் கொதித்தார்கள். வெள்ளைக்காரன் நமது பிள்ளைகளின் மூளையை மலிவாக வாங்குகிறான் என்று பேசினார்கள். பேச்சில் உண்மை இருந்தது. ஆனால் அதே மூளைக்கு நமது ஊர் வைத்த விலை என்ன? பூச்சியம். நமது குர்ஆன் மத்ரஸாக்களில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுக்கும் முஅல்லிமாமார் மாதம் என்ன வாங்குகிறார்கள் என்று ஜமாஅத் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பாலர் பாடசாலை டீச்சர்மாரைக் கேளுங்கள். பள்ளிவாசல் மினாரத்துக்கு வர்ணம் பூச ஒரு வெள்ளிக்கிழமையில் வசூலாகும் பணம், படிப்பிக்கிற பெண்ணுக்கு ஒரு வருடத்திலும் சேராது. பெண் படிப்பிப்பது பண்பு, ஆண் படிப்பிப்பது தொழில் என்ற கணக்கை நாம்தான் போட்டோம். நிறுவனம் கடலுக்கு அப்பாலிருந்து வந்து அந்தக் கணக்கின் மேல் தன் விலையை எழுதியது, அவ்வளவே.

அந்த விலையும் நிலைக்கவில்லை. இந்தத் தொழிலில் கதவு எந்தப் பக்கமிருந்தும் அடைபடும். 'விஐபிகிட்' என்ற சீன நிறுவனத்துக்காக அமெரிக்க ஆசிரியர்கள் அதிகாலையில் எழுந்து சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தார்கள். 2021 ஜூலையில் சீன அரசாங்கம் வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரைக் கொண்டு படிப்பிப்பதைத் தடைசெய்ததும் அந்தத் தொழில் ஒரே மாதத்தில் ஆட்டம் கண்டது. வல்லரசு நாட்டு ஆசிரியருக்கும் அதே கதிதான். இங்கிலாந்தின் பிரத்தியேக வகுப்புத் திட்டமும் 2024 கோடையோடு முடிந்தது. இப்போது தேர்ட் ஸ்பேஸ் லேர்னிங் 'ஸ்கை' என்ற பெயரில், குரலால் பேசிக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவு ஆசானைப் பாடசாலைகளுக்கு வழங்குகிறது. அதற்கு மின்வெட்டு இல்லை, மஃரிப் இல்லை, மணித்தியாலக் கூலி இல்லை.

மருமகளின் நிறுவனத்திலும் பாடங்கள் கிழமைக்குக் கிழமை குறைந்தன. கிழமைக்கு இருபது இருந்தது எட்டானது, மூன்றானது. 2025இல் ஒரு மின்னஞ்சல் வந்தது. நன்றி கூறும் நான்கு வரிகள். ஆறு வருடம் படிப்பித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் அவளால் போய்வருகிறேன் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் முழுக்க அவள் பேசவில்லை. மறுநாள் தங்கை மெதுவாகப் பாஸ்போட் பேச்சை எடுத்தாள். கட்டாரில் ஓர் அலுவலகத்தில் வேலை இருக்கிறதாம். "நீங்க போனது போதும் உம்மா" என்று மட்டும் சொன்னாள். பெரிய வசனமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது சொன்னது.

நானும் ஓய்வுபெற்ற சில ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைத்தோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மத்ரஸாக் கட்டடம் பிற்பகலில் சும்மா கிடக்கிறது. அதில் கணித வகுப்பு நடக்கட்டும். படிப்பிக்கிறவளுக்கு ஜமாஅத் மாதச் சம்பளம் கொடுக்கட்டும், முடிந்த பெற்றோர் கட்டட்டும், முடியாதவருக்கு ஸகாத் நிதியிலிருந்து கட்டட்டும். வெளிநாட்டில் இருக்கும் நமது ஊர்ப் பொறியியலாளர்களும் இதே இணையத்தின் வழியாக மாதம் இரண்டு பாடம் இந்தப் பிள்ளைகளுக்கு எடுக்கட்டும். லண்டனுக்குப் போன கம்பி திரும்பி வராதா என்ன? மூன்று கூட்டம் நடந்தது. சம்பளம் என்ற சொல்லை 'அன்பளிப்பு' என்று மாற்றலாமா என்று ஒருவர் கேட்டார். ஹஸரத் தலையை நிமிர்த்தி, "இமாமுக்குக் குடுக்கிறத அன்பளிப்பு என்டு எழுதினா நீங்க மறந்திடுவீங்க. சம்பளம் என்டே எழுதுங்க" என்றார். அப்படியே எழுதினார்கள். தொகை பெரிதல்ல. ஆனால் மாதத்தின் ஐந்தாம் தேதி என்று தேதி போட்டு எழுதியிருக்கிறது.

வகுப்பில் இப்போது இருபத்தாறு பிள்ளைகள். போன கிழமை நான் பின்வரிசையில் இருந்து பார்த்தேன். வாடியில் வேலை செய்யும் ஒருவரின் மகன், தரம் 9. மூன்றில் இரண்டையும் ஐந்தில் ஒன்றையும் கூட்டி, எட்டில் மூன்று என்று எழுதியிருந்தான். மேலே உள்ளதைக் கூட்டி, கீழே உள்ளதைக் கூட்டி எழுதிய விடை. முப்பத்திரண்டு வருடம் நான் ஆயிரம் தடவை பார்த்த பிழை. அவன் தோள் ஏற்கெனவே சுருங்கியிருந்தது.

அவள் பலகையை அழிக்கவில்லை. பக்கத்தில் குந்தி, "எப்படி இந்த விடைக்கு வந்த? எனக்குச் சொல்லித் தா" என்றாள்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் அவசரப்படுத்தாமல் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.